இருபத்திரண்டாம் நாள் நிலா

வாத்தியார்களுக்குப் பாடம் எடுப்பதைப் போலக் கொடுமை வேறு கிடையாது. நானாகச் சொல்லவில்லை, எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்து நொந்துபோனவர்கள் எல்லாரும் சொன்னது. கடைசி பெஞ்சில் அரட்டை, மேசைக்கு அடியில் போன், நாலு மணி அடிப்பதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்ப்பது. இதையே எங்கள் பிள்ளைகள் செய்தால் வெளியே நிற்க வைப்போம்.

அந்த ஐந்து நாள் அறிவியல் பயிற்சியில் மட்டும் நாங்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காரணம், வட்டார வள மையத்தின் பயிற்றுநர் ஜீனத். முப்பத்தைந்து வயது. குரலை உயர்த்த மாட்டார். கேட்டதற்குப் பதிலும் சொல்ல மாட்டார். கையில் எதையாவது கொடுத்து, "செஞ்சு பாருங்களேன்" என்பார். அதற்கு மேல் எப்படி அரட்டை அடிப்பது?

முதல் வரிசையில் பக்கிரிசாமி சார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஜீனத் ஆறாம் வகுப்பு படித்தது அவரிடம்தான். அதில் அவருக்குப் பெருமை தாங்காது. ஹாலுக்குள் "மேடம்" என்பார். டீ குடிக்க வெளியே வந்ததும் "ஏம்மா ஜீனத்" ஆகிவிடும். "நான் பாடம் சொல்லிக்கொடுத்த புள்ளை" என்று திங்கட்கிழமை ஒருநாளில் என்னிடமே மூன்று தடவை சொல்லிவிட்டார்.

சாரிடம் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஒன்றியம் முழுக்க அது பிரசித்தம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அமாவாசைக்கு மறுநாளிலிருந்து முப்பது நாளும் நிலாவைத் தேடிப் பார்த்து, பார்த்தபடி நோட்டில் வரைய வேண்டும். சாயங்காலம் காணோமா, விடியற்காலை பார். விடியற்காலையும் காணோமா, எட்டு மணிக்குப் பார். பிள்ளைகள் மாடிக்கு மாடி ஏறுகிறார்கள் என்று பெற்றோர்கள் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். மனிதர் மசியவில்லை.

புதன்கிழமை நிலாப் பாடம்.

ஜன்னல்களை எல்லாம் சாத்தி, இடுக்குகளில் செய்தித்தாள் ஒட்டி, ஹாலை இருட்டாக்கினார் ஜீனத். நடுவில் ஒரே ஒரு பல்பு.

"பிறை ஏன் வருது?" என்று கேட்டார்.

பக்கிரிசாமி சார் எழுந்தார். "பூமியோட நிழல் நிலா மேல விழுது மேடம். கொஞ்சம் கொஞ்சமா மூடுது, கொஞ்சம் கொஞ்சமா விலகுது. அதான் பிறை."

நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். ஏன் ஆட்ட மாட்டோம்? சுவரில் சாரே வரைந்த சார்ட் தொங்குகிறது. நீலத்தில் பூமி, கறுப்பில் நிழல். அதைப் பார்த்து வரைந்த சார்ட் பதினோரு பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. என் வகுப்பிலும் ஒன்று.

ஜீனத் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பென்சில் முனையில் குத்திய ஒரு வெள்ளைப் பந்தைக் கொண்டுவந்து சாரின் கையில் கொடுத்தார்.

"பல்பு சூரியன், பந்து நிலா, உங்க தலை பூமி. பந்தைக் கை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க சார். பந்தை மட்டும் பாருங்க."

சார் சுற்றினார். நாங்கள் சிரித்தோம்.

"பந்துல என்ன தெரியுது சார்?"

"ஓரத்துல கீத்து மாதிரி வெளிச்சம். இப்ப பாதி. இப்ப முக்கால்."

"உங்க தலை நிழல் எங்க விழுது?"

"அது... சுவத்துல விழுது."

"பந்து மேல விழுந்துச்சா?"

சார் இன்னொரு சுற்று சுற்றினார். முதுகு நேராகப் பல்புப் பக்கம் திரும்பியபோது மட்டும் தலையின் நிழல் பந்தை விழுங்கியது.

"இதோ விழுது! இப்ப விழுது மேடம்!" என்றவர் அப்படியே நின்றார். "இது கிரகணம்ல?"

"ஆமா சார்."

பந்தின் பாதியில் எப்போதும் வெளிச்சம் இருக்கிறது. சுற்றச் சுற்ற, அந்த வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரிகிற பங்குதான் கூடுகிறது, குறைகிறது. நிழலுக்கு அங்கே வேலையே இல்லை. எங்கள் எல்லாருக்கும் அது பளிச்சென்று தெரிந்துவிட்டது. சார் மட்டும் இன்னும் இரண்டு சுற்று சுற்றினார். மூன்றாவது சுற்றிலேயே எங்கள் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

ஜன்னலைத் திறந்ததும் அவர் நேராகப் போய்ச் சுவரிலிருந்த சார்ட்டைக் கழற்றினார். சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீ குடிக்க வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் என்னிடம் ஒரு கவரை நீட்டினார். என் பஸ் வட்டாரக் கல்வி அலுவலர் ஆபீஸ் வழியாகப் போகும்.

"குமுதவல்லி, இதை நாளைக்குச் சாயங்காலம் ஆபீஸ்ல குடுத்துடு."

ஒட்டாத கவர். பிரித்துப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன மகானா? விருப்ப ஓய்வு கேட்டு விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தார்.

"என்ன சார் இது, விளையாட்டா இருக்கா? இன்னும் நாலு வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருக்கு."

"வருஷத்துக்கு நாப்பது புள்ளைங்க. இருபத்தெட்டு வருஷம். ஆயிரத்துச் சொச்சம் பேருக்குப் பொய்யைச் சொல்லிக்குடுத்திருக்கேன். அதுல பாதிப் பேரு இப்ப அப்பா அம்மா ஆயிட்டாங்க. அவங்க புள்ளைங்களுக்கும் இதையேதான் சொல்லுவாங்க."

"தெரியாமத்தானே சார் சொன்னீங்க?"

"கம்பவுண்டர் தெரியாம மருந்தை மாத்திக் குடுத்தா நீ சும்மா விடுவியா?"

நானும் பதினேழு வருஷம் அதே பொய்யைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் புதன்கிழமை ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அப்போது ஜீனத் சாப்பிட்டு முடித்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். சார் அவர் எதிரே போய் நின்றார்.

"ஏம்மா ஜீனத், ஒண்ணு கேக்கறேன். அந்தப் புள்ளைங்களை எல்லாம் நான் எங்க போய்த் தேடறது? ஒவ்வொருத்தரையாப் புடிச்சு உக்கார வெச்சு, அன்னிக்குச் சொன்னது தப்புன்னு சொல்ல முடியுமா? நீயே அதுல ஒருத்திதானே?"

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு முன்னாடி வந்துடறீங்களா சார்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா."

"இன்னிக்கு அம்மா வீட்டுக்குப் போகணும் சார். பரண்ல ஒரு பொட்டி இருக்கு. இறக்கணும்."

ஜீனத் கை கழுவப் போய்விட்டார். சார் என்னைப் பார்த்தார். "பாத்தியா? எனக்கும் பதில் சொல்ல மாட்டேங்குது."

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கெல்லாம் நானும் போய்விட்டேன். யாரும் கூப்பிடவில்லை. அந்த லெட்டரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். மனசுக்குள் ஒரே பிரார்த்தனை, இதை ஆபீஸில் கொடுக்கிற பாவம் எனக்கு வேண்டாம் என்று.

மையத்துக்குப் பின்னால், அடிபம்புக்குப் பக்கத்தில் ஜீனத் நின்றுகொண்டிருந்தார். சார் வந்தார். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"மேற்கால பாருங்க சார்."

செல்போன் டவருக்கு மேலே பாதி நிலா, வெள்ளை வெளேரென்று.

"இன்னிக்குத் தேய்பிறை அஷ்டமி" என்றேன் நான், தெரிந்ததைச் சொல்வோமே என்று. இரண்டு பேரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"சூரியன் எங்க இருக்கு சார்?"

"முதுகுல சுடுதே."

"பூமி?"

சார் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "காலுக்குக் கீழ."

"நிலா மேல விழணும்னா நிழல் எந்தப் பக்கமாப் போகணும்?"

சார் மேலே பார்த்தார். திரும்பி வெயிலைப் பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். நிழல் போவதற்கு வழியே இல்லை.

"பகல் நிலாவை எத்தனை தடவை பாத்திருக்கேன்" என்றார் மெதுவாக. "ரெண்டும் ஒண்ணா மேல நிக்கிறதைப் பாத்துக்கிட்டேதான் ஸ்கூலுக்குப் போயிருக்கேன். ஒருநாள்கூட இதைக் கேக்கத் தோணலையே! நானெல்லாம் என்ன வாத்தியார்?"

"ஒரு ஆள் கேட்டாங்க சார்."

ஜீனத் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பழுப்பு அட்டை, ஓரமெல்லாம் எலி கடித்திருந்தது. மேலே லேபிளில் 'எஸ். ஜீனத், ஆறாம் வகுப்பு அ பிரிவு' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது.

சாருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "நிலா நோட்டு!"

"இருபத்திரண்டாம் நாளைப் பாருங்க."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டாம் நாள் கட்டத்தில் ஒரு மூலையில் பென்சிலால் பாதி நிலா. எதிர் மூலையில் மஞ்சள் கிரேயானில் சூரியன். கீழே ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் அண்ணாந்து நிற்கிறாள். அதற்கு அடியில் நாலு வரி. சார் வாய்விட்டுப் படித்தார்.

"காலை எட்டு மணி. சூரியனும் மேலே இருக்கிறது. நிலாவும் மேலே இருக்கிறது. பூமி கீழே இருக்கிறது. நிழல் எப்படி விழும் சார்?"

அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே சிவப்பு மையில் பெரிதாக ஒரு டிக். கீழே கையெழுத்து. தேதி.

சார் அந்தக் கையெழுத்தை விரலால் தடவினார்.

"என் கையெழுத்துதான்."

"ஆமா சார்."

"கேட்டிருக்கே."

"கேட்டேன் சார்."

"நான் படிக்கலையே ஜீனத்!" என்றார் சார். "நாப்பது நோட்டு. மத்தியான மணி அடிக்கறதுக்குள்ள திருத்தணும். படத்தை மட்டும் பாத்துட்டு டிக், டிக்னு போட்டுக்கிட்டே போயிருப்பேன். பதினோரு வயசுப் புள்ளை சரியாக் கேட்டிருக்கு, நான் பாக்காமக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

நான் அடிபம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன வாரம் முப்பத்தெட்டு நோட்டை நான் எப்படித் திருத்தினேன் என்பது எனக்குத்தானே தெரியும்.

சார் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "இந்த டிக்கைக் குறுக்கால அடிச்சுடறேன்."

ஜீனத் சட்டென்று நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அடிக்காதீங்க சார்!"

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பாக்காமப் போட்டதும்மா அது."

"அது எனக்கு இன்னிக்குத்தானே சார் தெரியும்? அன்னிக்கு, என் கேள்வி சரின்னு நீங்க டிக் போட்டதா நெனச்சேன். சாரே சரின்னுட்டாரு, அப்ப எங்கேயோ பதில் இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். காலேஜ்ல ரெண்டாம் வருஷம் கெடைச்சுது. உங்ககிட்ட சொல்ல ஓடி வந்தேன். அதுக்குள்ள நீங்க மாத்தலாகிப் போயிட்டீங்க."

சார் பேனாவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார். மை சொட்டிச் சட்டையில் பட்டது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அதுக்கப்புறமும் விடல சார். பாக்கறது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்றார் ஜீனத்.

முதலில் சாரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பதறிப்போனேன். பார்த்தால் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீரும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

"அடப் பாவிப் புள்ளைகளா! இன்னும் எத்தனை பேரு என்கிட்ட இப்படி டிக் வாங்கிட்டுப் போனீங்களோ தெரியலையே!"

அப்பாடா என்று எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. நல்ல நேரத்தை விடக் கூடாதென்று கைப்பையைத் திறந்தேன்.

"சார், இந்த லெட்டரை என்ன பண்ண?"

"எந்த லெட்டர்?" என்றவர் என் கையிலிருந்து கவரை வாங்கிக்கொண்டார். விண்ணப்பத்தை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பின்பக்கம் காலியாத்தானே இருக்கு. முப்பது கட்டம் போட்டுடலாம். அமாவாசைக்கு இன்னும் ஒரு வாரம்தான். இந்த வருஷம் நானும் புள்ளைங்களோட சேர்ந்து வரையப் போறேன். சார்ட்டைக் கிழிக்கறதுக்கு முன்னாடி அதுங்ககிட்டயே காட்டி, இதுல என்ன தப்புன்னு கண்டுபிடிக்கச் சொல்லணும்."

உள்ளே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். சார் நகரவில்லை.

"இந்த நோட்டை நான் எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?"

"எடுத்துக்கிட்டுப் போங்க சார். அந்தக் கேள்விக்குக் கீழ இடம் இருக்கு. பதில் எழுதி வைங்க."

"சரிங்க மேடம்" என்றார் சார். ஹாலுக்கு வெளியே அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஜீனத் சிரித்தார். "திங்கக்கிழமை உங்க பள்ளிக்கூடத்துக்கு வரேன். படிச்சுப் பாத்துட்டுத்தான் டிக் போடுவேன்."