யானைக்குப் போர்த்திய பொன்னாடை

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மீரான் பாயின் தையல் கடை. என் பேண்ட்டுக்கு இடுப்பை விரித்து வாங்கலாமென்று போய் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்பே மினிபஸ் கண்டக்டர் ஞானதுரை, சட்டையைப் பொத்தான் வைக்கக் கொடுத்துவிட்டு பனியனோடு இருந்தார். அப்போதுதான் கவிஞர் குற்றாலிங்கம் உள்ளே நுழைந்தார்.

ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அவருடைய கவிதையைத் தெரிந்தவரும் கிடையாது. ஆனால் புளுகுவதில் மனுஷனுக்கு ஒரு நேர்மை உண்டு. கேட்பவன் நம்பித்தான் ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க மாட்டார். எழுந்து போகாமல் இருந்தால் அவருக்குப் போதும்.

மஞ்சள் பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து மிஷின்மேல் வைத்தார்.

“பாய், ஓரம் பிரிஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அடிச்சுக் குடுத்திருங்க. அன்னைக்கு நூலக மாடியில கவியரங்கம். எனக்கு ‘கவிச்சிகரம்’ பட்டம் தாராங்க. நீங்க மூணு பேரும் கண்டிப்பா வரணும்.”

“எனக்கு டூட்டி” என்றார் ஞானதுரை. “எனக்கு ஒரு கல்யாண வீடு” என்றார் பாய். எனக்குச் சட்டென்று பொய் வராது. தொண்டையைச் செருமிவிட்டு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

கவிஞருடைய முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆள் சேர்க்காமல் போவதில்லை என்று வந்திருக்கிறார்.

பாய் பொன்னாடையை விரித்துப் பார்த்தார். “வீட்டுல பொன்னாடையா குவிஞ்சு கெடக்குன்னு சொல்லுவீங்களே அண்ணாச்சி, இந்த நைஞ்சதைப் போயி தைக்கச் சொல்லுதீங்க?”

“இருந்துச்சு பாய், ரெண்டு ரூம் நெறைய. போன மார்கழியில மலைமேல யானைக்கெல்லாம் குளிருதுன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கல, அள்ளிக் குடுத்துட்டேன். இப்ப மேல ஏறிப் பாருங்க, ஒவ்வொரு யானையும் ஜரிகை மின்ன மாப்பிள்ளை கணக்கா நிக்கும்.”

“யானைக்கு ஒரு பொன்னாடை எப்படிவே பத்தும்?” என்றார் ஞானதுரை.

“ஏழெட்டைச் சேத்து முடிஞ்சிருக்கேன். குட்டிக்கு ஒண்ணே தாராளம்.”

ஞானதுரை சிரிக்கவில்லை. சில்லறை இல்லை என்று சொல்கிற பயணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வை கவிஞருக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

“மதுரையில நடந்தது தெரியாம பேசுதீரு. எனக்குப் போத்துன பொன்னாடையில நானே மறைஞ்சு போயிட்டேன். மேடையில துணி மூட்டை கெடக்குன்னு நெனச்சு, ஒருத்தரு என்மேல சாஞ்சுக்கிட்டே நன்றியுரை சொல்லிட்டாரு. அப்புறம்தான் ‘ஏற்புரைக்குக் கவிஞரைக் காணும்’னு தேடுதாங்க. ஒவ்வொண்ணா உருவுனா, விடிஞ்சிருச்சு. கடைசியில ஆள் கெடைச்சிட்டாருன்னு எல்லாரும் கை தட்டுனாங்க. பாத்தா அது நான் இல்ல!”

“பின்ன யாரு?” வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“முந்தின வருஷம் விருது வாங்குன கவிஞரு. அவரை உருவாமலே விட்டிருக்காங்க. உள்ளுக்குள்ள உக்காந்து இன்னும் அதே கவிதையைத்தான் வாசிச்சிட்டிருந்தாரு. நான் அவருக்கும் கீழ கெடந்தேன்.”

பாய் மிஷினை நிறுத்திவிட்டு, “அல்லாவே” என்றார்.

“வாசிக்கிறவரை நிறுத்தத்தான் துண்டுச்சீட்டு குடுப்பாங்களே” என்றார் ஞானதுரை. கவியரங்கத் தலைவர், ‘நேரமாகிவிட்டது’ என்று எழுதி மேடையிலேயே நீட்டுகிற சீட்டைத்தான் சொன்னார். “உமக்குக் கட்டுக்கட்டா குடுத்திருப்பாங்க.”

“குடுத்தாங்க! நான் மறைக்கவே இல்லையே. ஒவ்வொரு சீட்டையும் கவிதையோட சேத்து வாசிச்சேன். ‘தயவுசெய்து முடிக்கவும்’னு வாசிச்சேன், கைதட்டுல மேற்கூரை கழண்டுருச்சு. ‘அடுத்தவர் காத்திருக்கிறார்’னு வாசிச்சேன், பொம்பளைங்க அழுதாங்க. ‘ஐயா, உங்கள் காலில் விழுகிறேன்’னு வாசிச்சேன், ஒன்ஸ்மோர் கேட்டாங்க. அந்தச் சீட்டை எல்லாம் தொகுத்துப் புஸ்தகமாப் போட்டேன். அதுக்குத்தான் இந்தப் பட்டமே!”

“அப்ப பட்டம் சீட்டு எழுதுனவருக்குல்லா போகணும்?” என்றார் ஞானதுரை.

“அவரும் கேட்டாரு. உமக்கு நேரமாயிருச்சுன்னு ஒரு சீட்டு குடுத்து அனுப்பிட்டேன்.”

இதற்கு ஞானதுரையே லேசாகச் சிரித்துவிட்டார். குற்றாலிங்கத்துக்குத் தெம்பு வந்துவிட்டது.

“இதுக்கே இப்படின்னா அடுத்தது எங்க தெரியுமா? வடதுருவம். ‘ஒருநாள் கவியரங்கம்’னு அழைப்பு வந்திருக்கு. அங்க ஒரு பகல்னா ஆறு மாசம். கரடியெல்லாம் இப்பவே துண்டு போட்டு இடம் பிடிச்சிருச்சு. பென்குயினும் வருது.”

“பென்குயின் தென்துருவத்துலல்லா இருக்கு?” என்றேன்.

“ஆமா தம்பி, அங்கயிருந்துதான் லாரியில ஏத்திட்டு வாராங்க. கூட்டத்துக்கு ஆள் கூட்டிட்டு வாரது எல்லா ஊர்லயும் உள்ளதுதான்.”

பாய் ஓரம் அடித்து முடித்து நூலைக் கத்தரித்தார். “அது கெடக்கட்டும். ஞாயித்துக்கிழமை நீங்க எத்தனாவதா வாசிக்கீங்க?”

“கடைசி. சிகரம்னா உச்சியிலதான இருக்கும்? ‘நிறைவுக் கவிஞர்’னு நோட்டீஸ்லயே போட்டுட்டாங்க.”

எங்கள் பக்கத்துக் கவியரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தை ஒவ்வொரு கவிஞரும் தானேதான் கூட்டி வரவேண்டும். தங்கள் ஆள் வாசித்துப் பொன்னாடை வாங்கியதும் அந்தக் கூட்டம் அவரையும் அழைத்துக்கொண்டு டீ குடிக்க இறங்கிவிடும். திரும்ப மாடி ஏறாது. கடைசிக் கவிஞருக்கு மிஞ்சுவது நாற்காலி அடுக்குகிறவர் மட்டும்தான். பொன்னாடைகூட மிஞ்சாது. அதனால்தான் மனுஷன் தன்னுடையதைத் தானே தைத்து எடுத்துப்போகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

ஞானதுரை விடுவதாயில்லை. “கூட்டம் எப்படி வரும்னு சொல்லுதீரு?”

“கூட்டமா? ஆலங்குளத்துல இருந்து செங்கோட்டை வரைக்கும் ரோட்டை அடைக்கப் போறாங்க. மலையைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் போடச் சொல்லியிருக்கேன், இல்லைன்னா சனம் நிக்க எடம் பத்தாது. சத்தம் இடைஞ்சலா இருக்கும்னு அருவியை அன்னைக்கு ஒருநாள் நிப்பாட்டி வைக்காங்க. யானையெல்லாம் பொன்னாடையோட எறங்கி வருது!”

“அம்புட்டுக் கூட்டத்துல நாங்க மூணு பேரு வந்து எங்கவே உக்கார?”

குற்றாலிங்கம், பாய் மடித்துக் கொடுத்த பொன்னாடையைப் பிரித்தார். மறுபடி மடித்தார்.

“உங்களுக்காக முன்வரிசையைக் காலியா வைக்கச் சொல்லியிருக்கேன்” என்றார்.

“முன்வரிசை மட்டுந்தானா காலி?”

கவிஞர் பொன்னாடையை மஞ்சள் பைக்குள் வைத்துவிட்டு எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார்.

“பின்வரிசையும்தான். நடுவரிசையும் சேத்துத்தான் சொல்லியிருக்கேன். வாரவங்க காலை நீட்டி உக்காரணும்லா.”