கழுகுமுனைக்கு டீசல் மிச்சம் பிடித்துப் போன லாரி

கூழைமலைச் சீமைக்கு ஒரு ராணுவம் இருந்தது. சண்டை போட எதிரிதான் வாய்க்கவில்லை. பக்கத்துச் சீமைக்காரர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்களாம். 'இவர்களை ஜெயித்தால் இவர்களை வைத்துச் சோறு போடுவதும் நம் தலையில்தானே விழும்' என்று அப்படியே திரும்பிப் போய்விட்டார்களாம்.

அதனால் அந்த ராணுவத்தின் தலையாய வேலை, அடிவாரத்துச் செம்பாறை முகாமிலிருந்து மலைமேல் இருக்கும் கழுகுமுனைக் காவல் சாவடிக்கு அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுப்பது. அந்த வேலையைச் செய்த லாரிப் படைக்குத் தலைவர் ஹவில்தார் உலகநாதன். யோசிக்கத் தெரிந்தவர் என்று படையில் பெயர் வாங்கியவர். யோசிக்கும்போது மீசையின் இடது நுனியை வாயில் வைத்துச் சப்புவார். அதனால் இடது மீசை பாதிதான் இருந்தது. யோசனையில் விளைந்தது என்று பார்த்தால் அந்தப் பாதி மீசை மட்டும்தான்.

அந்த வருஷம் லாரிகள் டீசலைக் குடித்த குடியில் தளபதி சிங்கராயருக்குத் தூக்கம் போயிற்று. டீசல் சிக்கனம் சொல்லிக்கொடுக்கப் பட்டணத்திலிருந்து திலகவதி என்ற பயிற்சியாளரை வரவழைத்தார்.

"டீச்சரம்மா சொல்றதுல ஒரு எழுத்துகூடக் கீழ விழக் கூடாது," என்று லாரிப் படையைக் கூட்டி வைத்துச் சொன்னார். "டீசல் குறையலைன்னா லாரியைப் பிடுங்கிக்கிட்டுக் கழுதை கொடுத்துடுவேன்."

கழுதைகள் வந்து சேர்ந்தால் தன்னைவிடச் சீக்கிரம் அவை ஹவில்தார் ஆகிவிடும் என்று உலகநாதனுக்கு உள்ளூர ஒரு பயம்.

திலகவதி கரும்பலகை கேட்கவில்லை. "நான் பேச நீங்க தூங்குற வகுப்பு இல்லை இது. நீங்களே செஞ்சு பார்த்துக் கத்துக்கணும். ஒருத்தர் டிரைவர், ஒருத்தர் இன்ஜின், ஒருத்தர் டீசல் டேங்க். எங்கே வீணாகுதுன்னு நடிச்சுக் காட்டுங்க."

டீசல் டேங்காக நின்ற சிப்பாய் மாசிலாமணி வகுப்பு முடிந்தும் நகரவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. கூப்பிட்டதற்கு, "டேங்குக்கு ஏது கால்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி என்று உலகநாதன் ஒப்புக்கொண்டார். நான்கு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தியில் வைத்து, வாயில் புனலைச் செருகிக் கஞ்சி ஊற்றினார்கள்.

மத்தியானம் அடுத்த பாடம். "வண்டி நிக்கும்போது இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்தா வீண் செலவு. வண்டி நின்னதும் இன்ஜினை அணைச்சிடுங்க," என்றார் திலகவதி.

டிரைவர் குப்புலிங்கம் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து லாரியை நிறுத்தினான். இறங்கினான். முன்மூடியைத் திறந்தான். கொதித்துக்கொண்டிருந்த இன்ஜினை, ஊரிலிருந்து வந்த தம்பியைப் போல இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான். அடுத்த கணம் அவன் போட்ட அலறலில் சமையற்காரன் கரண்டியைக் கீழே போட்டான்.

"விடாதே," என்றார் உலகநாதன். "எவ்வளவு நேரம்னு டீச்சரம்மா இன்னும் சொல்லலை."

மார்பில் கட்டுப் போடும்போது, "நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கணும்," என்று திலகவதி முணுமுணுத்தார்.

"நிறுத்திட்டுத்தான் டீச்சரம்மா அணைச்சேன்," என்று குப்புலிங்கம் தேம்பினான்.

மறுநாள் திலகவதி எச்சரிக்கையாக ஆரம்பித்தார். "ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்காதீங்க. காலுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு முட்டை இருக்கிறதா நினைச்சுக்கிட்டு மெதுவா மிதிங்க. முட்டை உடையக் கூடாது." சொல்லிவிட்டு, பயிற்சி செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்.

லாரிப் படை வட்டமாக உட்கார்ந்து ஆலோசித்தது.

"நினைச்சுக்கணுமாமே," என்றான் குப்புலிங்கம். "எனக்கு அந்தப் பழக்கம் இல்லையே."

"பட்டாளத்துல சேர்ந்த அன்னைக்கே நான் அதை விட்டுட்டேன்," என்றான் மாசிலாமணி.

உலகநாதன் மீசையைச் சப்பினார். "நினைக்க ஆள் இல்லாத இடத்துல நிஜ முட்டைதான் வைக்கணும்."

"கோழி முட்டையா, வாத்து முட்டையா?"

"லாரி பெரிசு. வாத்து முட்டைதான் பொருத்தம்."

"பச்சையா வைக்கிறதா, அவிச்சு வைக்கிறதா?"

"அவிச்சுத்தான். பச்சை முட்டையை வச்சு, இன்ஜின் சூட்டுல குஞ்சு பொரிச்சுட்டா, அந்தக் குஞ்சுக்கு லாரி ஓட்ட யாரு சொல்லிக்கொடுக்கிறது?"

முகாமில் இருந்த வாத்து முட்டை எல்லாம் பொழுது சாய்வதற்குள் பெடலில் நசுங்கிப் போயின. கடைசி முட்டை மிஞ்சியபோது உலகநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். பெடலை மிதிக்காமலே விட்டார். லாரி இம்மியும் நகரவில்லை.

"முட்டையும் உடையலை, டீசலும் குறையலை, டீச்சரம்மா," என்று சல்யூட் அடித்தார்.

திலகவதி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நல்ல மாணவர்கள் அமைந்தால் ஆசிரியர்களுக்கு மனசு இப்படித்தான் நெகிழ்ந்துபோகும் என்று உலகநாதனுக்குப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குள் கழுகுமுனையில் அரிசி தீர்ந்துவிட்டது. மேலே இருந்தவர்கள் வெறும் கொள்ளுப் பயறை அவித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் பாதை அறுந்துவிடும். அரிசி லாரியையே பரீட்சையாக வைத்துவிடலாம் என்று தளபதி சொன்னார்.

திலகவதி கடைசிப் பாடத்தைச் சொன்னார். "தேவையில்லாத பாரத்தையெல்லாம் இறக்கிடுங்க. பாரம் குறைஞ்சா டீசல் குறையும். எவ்வளவு டீசல் சேமிச்சிருக்கீங்கன்னு மேல வந்ததும் பார்ப்பேன்." சொல்லிவிட்டுத் தன் ஜீப்பில் முன்னால் போய்விட்டார்.

மலை ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு புளியமரம். அங்கே உலகநாதன் லாரியை நிறுத்தினார்.

"இந்த ஸ்டெப்னி எதுக்கு? மத்த டயரெல்லாம் உழைக்குது. இது மட்டும் உட்கார்ந்துக்கிட்டே வருது." ஸ்டெப்னியை இறக்கினார்கள்.

"கதவு?" என்றான் மாசிலாமணி.

"நாமதான் உள்ள ஏறியாச்சே. இனிக் கதவுக்கு என்ன வேலை?" கதவுகளும் இறங்கின.

"அரிசி மூட்டை?" என்று கேட்டான் குப்புலிங்கம்.

உலகநாதன் வெகுநேரம் மீசையைச் சப்பினார். மேலே பசித்திருப்பவர்களை நினைத்து அவருக்கு நெஞ்சு கனத்தது. ஆனாலும் பாடம் பாடம்தானே.

"லாரி சோறு தின்னுமா?"

"தின்னாது."

"சோறு தின்கிறவங்க எங்கே இருக்காங்க?"

"மலைமேல."

"லாரியில இல்லையே?"

"இல்லை."

"அப்ப லாரிக்கு இது தேவையில்லாத பாரம்தான்."

மூட்டைகளை இறக்கி மரத்தடியில் அடுக்கினார்கள். மழையில் நனையாமல் தார்ப்பாயும் போர்த்தினார்கள். பொறுப்பில்லாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்லிவிட முடியாது.

குப்புலிங்கம் சாவியில் கை வைத்தான். உலகநாதன் தடுத்தார். "இரு. ஓட ஆரம்பிச்சா டீசல் செலவாயிடும். செலவானதுக்கு அப்புறம் எதைச் சேமிக்கிறது? இப்பவே சேமிச்சுடுவோம்."

டேங்கைத் திறந்து டீசல் முழுவதையும் கேன்களில் பிடித்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவே பத்திரப்படுத்தினார்கள். பிறகு குப்புலிங்கம் ஸ்டியரிங்கைப் பிடிக்க, ஒருவனைத் தவிர மற்ற எல்லோரும் பின்னால் போய் லாரியைத் தள்ளினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் நாக்கு வெளியே தொங்கியது. "பாரம் குறைஞ்சதும் லாரி என்ன லேசா ஏறுது பார்த்தியா," என்று மூச்சுக்கிடையில் உலகநாதன் சொன்னார்.

சாயங்காலம் லாரி கழுகுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. சாவடியின் சுபேதார் தவசிமுத்து அண்டாவில் உலை வைத்துக் காத்திருந்தார். ஆசையோடு லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தார். உள்ளே மாசிலாமணி மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"நீ எதுக்குய்யா உள்ள இருக்கே?"

"பாரம் எதுவும் ஏறிடாம பார்த்துக்க ஒரு ஆள் வேணுமில்லைங்களா, ஐயா."

"அரிசி எங்கேய்யா?"

"பத்திரமா இருக்குங்க, ஐயா," என்றார் உலகநாதன். "மலைக்குக் கீழ."

திலகவதி டேங்கில் குச்சியை விட்டு எடுத்தார். குச்சி காய்ந்துபோய் வந்தது. "ஒரு சொட்டுகூட இல்லையே."

"ஒரு சொட்டுகூடச் செலவாகலைங்க, டீச்சரம்மா."

திலகவதி ஜீப்பில் ஏறினார், பட்டணம் போனார். அதற்குப் பிறகு எந்த ராணுவம் இருந்த திசையிலும் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

தவசிமுத்துவுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. தன் ஆட்களோடு அண்டாவைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி, புளியமரத்தடியிலேயே பொங்கிச் சாப்பிட்டார். மழை தூறத் தூறச் சாப்பிட்டார்கள். லாரிப் படையை ஒரு வாய்க்கும் கூப்பிடவில்லை.

பசியோடு ஓரமாக நின்ற உலகநாதனுக்கு அப்போதுதான் ஞானம் பிறந்தது. நேரே தளபதியிடம் போனார்.

"ஐயா, மேல போக லாரி நம்ம உசிரை வாங்குது. கீழ வரத் தானா வருது. ஏறினாத்தான் டீசல் செலவு. முகாமைக் கீழேயும் சாவடியை மேலேயும் வச்சதுதான் தப்பு. மாத்தி வச்சுட்டா அரிசி எப்பவும் இறக்கத்துலதான் போகும்."

சிங்கராயர் இதைக் கேட்டுப் புல்லரித்துப்போனார். மழை ஓய்ந்ததும் செம்பாறை முகாம் மலையுச்சிக்குப் போயிற்று. கழுகுமுனைச் சாவடி புளியமரத்தடிக்கு வந்தது. அங்கிருந்து காவல் காக்க, மேய வரும் எருமைகள் மட்டும்தான் இருந்தன. லாரிகள் இன்ஜின் போடாமல் மலையிலிருந்து உருண்டு வந்து அரிசியை இறக்கின. உலகநாதனின் சட்டையில் தளபதி தம் கையாலேயே பதக்கம் குத்தினார். இறங்கிய லாரியை ஆட்கள் மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போனார்கள். டீசல் சொட்டுகூடக் குறையவில்லை.

அரிசி என்னவோ பட்டணத்திலிருந்து புளியமரம் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து லாரிப் படை மூட்டைகளைத் தலையில் சுமந்து உச்சிக்கு ஏற்றும். ஏற்றிய பிறகு, கீழே அனுப்புவதற்காக லாரியில் அடுக்கும்.

ஒருநாள் பசி பொறுக்காமல் தவசிமுத்து வழியை மறித்தார். "ஹவில்தார், இந்த மூட்டையெல்லாம் எங்களுக்குத்தானே?"

"உங்களுக்கேதாங்க, ஐயா."

"அப்ப ஒண்ணை இங்கேயே இறக்கி வையேன்."

மூட்டையைத் தலையில் வைத்தபடியே உலகநாதன் மீசையைச் சப்பினார்.

"கொஞ்சம் பொறுங்க, ஐயா. இது ஏறிப் போற அரிசி. இறங்கி வரட்டும், தர்றேன்."