முதல் தாலாட்டு யாருக்கு?

ஒரு ஊர்ல ஒரு தாலாட்டுக்காரி இருந்தா. பேரு செங்கமலம். ம் சொல்லணும், இல்லேன்னா அத்தை கதைய நிறுத்திடுவேன். ஆங், அப்படித்தான்.

அந்த ஊர்ல புள்ள பொறந்த பதினாறாம் நாள் தொட்டில்ல போடுவாங்க. அன்னிக்கு மொதத் தாலாட்டுல என்ன சொல்லு வருதோ, அது புள்ளைக்குப் பலிக்கும்னு நம்பிக்கை. முப்பது வருஷமா செங்கமலம்தான் பாடுவா. அவளுக்கு நெல்லு அவிக்கிற வேலை. யாராவது கூப்பிட்டா கையத் தொடச்சுட்டுப் போயி, "முத்தே, பவளமே"ன்னு பாடுவா. மொட்டைத் தலைப் புள்ளையும் முத்துதான், முடி மண்டின புள்ளையும் முத்துதான்.

அப்புறம் கடலோரத்து உப்பளத்துலேர்ந்து வேம்புன்னு ஒருத்தி அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தா. ஒரு வீட்ல சும்மா அவளையும் பாடச் சொன்னாங்க. அப்போ தொட்டில் புள்ள தூக்கத்துல சிரிச்சிச்சு. உடனே இவ, "உச்சி வெயில்ல உப்பு பூத்தாப்புல ஒரு நொடியில சிரிச்சவனே"ன்னு பாடினா. அவ்வளவுதான்! பொம்பளைங்க எல்லாம் பொலபொலன்னு அழுதுட்டாங்க.

செங்கமலத்துக்கு வயிறு குபுகுபுன்னு எரிஞ்சிது. பொறாமைதான், வேற என்ன? உங்கம்மா வச்ச ரசத்த எல்லாரும் புகழுறப்ப எனக்கு வருமே, அதே பொறாமை. சிரிக்காத, ம் சொல்லு.

செங்கமலத்தோட பொண்ணு தையல்நாயகி நெறமாசமா தாய்வீட்டுக்கு வந்திருந்தா. அவ மெதுவா, "அம்மா, என் புள்ளைக்கு வேம்பு அக்கா பாடட்டுமா?"ன்னா.

பெத்த பொண்ணே கேட்டுட்டா! கையில இருந்த கரண்டி டணார்னு விழுந்துச்சு.

"உம் புள்ளைக்கு நான்தான்டி பாடுவேன். பொறுத்திருந்து பாரு"ன்னா செங்கமலம்.

அப்புறம் ஒரு வீட்ல தொட்டில் போட்டாங்க. இவ வேம்புவ ஜெயிக்கணும்னு, "மலையத் தூக்கி மடியில வச்சவனே, கடலக் குடிச்சு ஏப்பம் விட்டவனே"ன்னு எடுத்து விட்டா. அந்தப் புள்ளையோ, குடிச்ச ஒரு சங்குப் பாலுக்கே க்கு, க்குன்னு விக்கிட்டுக் கிடக்கு. எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சிட்டாங்க.

ம். அப்புறம் என்ன பண்ணினா தெரியுமா? வேம்பு வீட்டுச் சுவரோரம் நின்னு உப்புப் பாட்ட ஒட்டுக் கேட்டா. அப்படியே பாடினா திருட்டு தெரிஞ்சிடும்ல? அதனால அதுல கொஞ்சம் மழையக் கலந்து, ஊர்ப் பெரியதனக்காரர் வீட்ல, "மழையில நனைஞ்ச உப்பாட்டம் மினுமினுக்கும் கண்ணே"ன்னு பாடினா.

படார்னு எந்திரிச்சா புள்ளையோட அம்மாச்சி. "அடிப்பாவி! மழை பட்டா உப்பு கரைஞ்சுல்ல போவும்? எம் பேரனக் கரைஞ்சு போன்னா பாடுற? இது நீ யோசிச்ச உவமையே இல்ல. உப்பளத்துல நின்னவ வாயில இப்படி வராது!"

தையல்நாயகியும் அங்கதான் இருந்தா. அம்மா கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா. வீட்டுக்கு வந்ததும், "நம்ம தொட்டிலுக்கு வேம்பு அக்காதாம்மா"ன்னுட்டா. செங்கமலம் முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதா, பாவம்.

அப்புறம் தையல்நாயகிக்குப் பொண்ணு பொறந்துது. பதினாறாம் நாளும் வந்துது. வேம்பு தொட்டில் பக்கத்துல ஜம்முன்னு உக்காந்திருக்கா. செங்கமலம் கொல்லையில புஸ்ஸுபுஸ்ஸுன்னு நெல்லு அவிக்கிறா. வரமாட்டேன்னுட்டா. ஆனா மனசு கேக்குதா? வேம்பு பாட்டு எப்படி இருக்குன்னு பாக்க வாசப்படி வரைக்கும் வந்தா.

அப்போ தொட்டில் புள்ள ஆவ்வுன்னு ஒரு கொட்டாவி விட்டுச்சு. வேம்பு வாயத் தொறக்குறதுக்குள்ள, செங்கமலத்துக்குத் தன்னால வந்துடுச்சு:

"அவிஞ்ச நெல்லு வாய் விண்டாப்புல
கொட்டாவி விட்ட கண்ணே,
பத்து மாசச் சூட்டுல
பதமா வந்த பொன்னே,
எத்தனை உலக்கை பட்டாலும்
நொறுங்காத அரிசியே, ஆராரோ..."

புழுங்கலரிசி இடிச்சா நொறுங்காதுன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். பொம்பளைப் புள்ளைக்கு இதவிட என்ன வாக்கு வேணும்? தையல்நாயகி ஓடி வந்து அம்மாவக் கட்டிக்கிட்டு, "நீயே பாடும்மா, நீயே பாடு"ன்னு தேம்புறா.

ஆனா செங்கமலம் பொண்ணப் பாக்கல. வேம்புவத்தான் பாத்தா. வேம்பு மூஞ்சி சுண்டிப் போச்சு. உதட்டக் கடிச்சுக்கிட்டு, "பெரியம்மா, இது எனக்குத் தோணாமப் போச்சே"ன்னா.

அதக் கேட்டு செங்கமலத்துக்கு வந்த சந்தோஷம் இருக்கே, பேத்தி பொறந்தப்பக்கூட அவ்வளவு இல்லையாம்!

கதை அத்தோட சரி. கண்ண மூடு, தங்கம்.