மூக்குச் சுவர் சாய்ந்த கதை

அடிபட்டால்தான் மூக்குத் தண்டு வளையும் என்று கற்றவர்களும் நம்புகிறார்கள். மனித குலத்தின் பெரும் பிழைகளில் இது ஒன்று. உண்மைக் காரணம் கருவாடு.

அந்தக் காலத்தில், குளவியும் நாரையும் நம்மோடு பேசிக்கொண்டிருந்தபோது, மனிதனின் மூக்கு ஒரே பொந்து. மழை வந்தால் தேரை உள்ளே ஒதுங்கும். கொற்றன் என்பவன் இதைப் பொறுக்க முடியாமல் குளவியை அழைத்து, நடுவில் ஒரு மண்சுவர் எழுப்பச் சொன்னான். குளவி நேர்த்தியாகவே கட்டியது.

“காய மூணு நாள் ஆகும். அதுவரை மெதுவா மூச்சு விடு. உறிஞ்சிடாதே” என்றது.

இரண்டாம் நாள் அவன் மனைவி பொன்னாச்சி கருவாடு வறுத்தாள். அடுப்பு அவனுக்கு இடப்பக்கம். கொற்றன் கழுத்தை அந்தப் பக்கம் நீட்டி, கண்ணை மூடி, ஒரே இழுப்பாக உறிஞ்சினான். ஈரச் சுவர் இடப்பக்கம் சாய்ந்து, அப்படியே காய்ந்துவிட்டது.

அதிலிருந்து இடத்துளை அடைப்பு. அவ்வப்போது மூக்கில் ரத்தம் வேறு. வாயைப் பிளந்து தூங்கினான். குறட்டை தாங்காமல் காக்கைகள் மரம் மாறின.

“இன்னும் ஒரு ராத்திரி பார்ப்பேன். அப்புறம் எங்கப்பன் வீடுதான்” என்று பொன்னாச்சி மூட்டை கட்டினாள். கட்டிவிட்டு, வைத்தியம் பார்க்கும் நாரையிடம் அவனை இழுத்துப் போனாள்.

“எந்தப் பக்கம் அடைப்பு?”

“அடைப்பா? இவளுக்குக் காது கூர்மை, நாரையக்கா. அவ்வளவுதான்.”

“வாயை மூடு. மூக்கால மூச்சு விடு.”

ஓடையின் குளிர்ந்த கல்லை நாரை அவன் மூக்கடியில் பிடித்தது. வலப்பக்கம் புளியங்கொட்டை அளவு ஆவி படிந்தது; இடப்பக்கம் கடுகளவு.

“கல்லு எனக்குச் சொந்தமா என்ன, பொய்ச்சாட்சி சொல்ல?” என்றாள் பொன்னாச்சி.

நாரை அவன் இடக்கன்னத்தை வெளிப்பக்கமாக இழுத்தது.

“ஆகா, காத்து வருதே!” என்று கொற்றனே கத்திவிட்டான்.

பிறகு நாரை அலகால் துளையை விரிக்க, ஒரு மின்மினி உள்ளே போய் வெளிச்சம் காட்டியது. “சுவர் சாஞ்சிருக்கு. கருவாட்டு வாசனையும் இருக்கு” என்றது.

குளவியை வரவழைத்தார்கள். “நேராக்கணும்னா இடிச்சுத்தான் கட்டணும்” என்றது அது. கொற்றன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“அப்போ இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படு. நல்ல துளை மேலே இருக்கட்டும்” என்றது நாரை. “அப்படியும் மூச்சு முட்டினா வா, இடிப்போம்.”

அன்றிரவு குறட்டை பாதியானது. பொன்னாச்சி மூட்டையைப் பிரித்தாள்.

அன்று முதல்தான் மனிதரில் பலருக்கு மூக்குச் சுவர் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வைத்தியர்களும் மூக்கடியில் குளிர்ந்த தகட்டைப் பிடித்துப் பார்க்கிறார்கள். குளவி மட்டும், அதன்பிறகு எதைக் கட்டினாலும், யாரும் உறிஞ்சிவிடாதபடி வாசலை மண்ணால் அடைத்துவிட்டுத்தான் போகிறது.