கையில் வைத்து ஆடும் கம்ப்யூட்டரும் ஊசிப்பாளையம் மைக்செட்டும்

ஊசிப்பாளையத்தில் புத்திசாலிகளே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருந்தார்கள். எல்லாரும் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் நாலு பேர் சேர்ந்து 'மின்னல் சவுண்ட் சர்வீஸ்' என்று ஒரு மைக்செட் கடை நடத்திவந்தார்கள்.

நாச்சிமுத்து முதலாளி. பாட்டுப் போடுவது ரங்கராசு. ஜெனரேட்டர் கருப்பண்ணன் பொறுப்பு. சீரியல் விளக்குக் கட்டுவது சென்னியப்பன். இங்கிலீஷ் எழுத்து எங்கே இருந்தாலும் படித்துச் சொல்வதும் அவன்தான். பத்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன், ஆகவே மற்றவர்களைவிட மூன்று மடங்கு படிப்பாளி என்பது கடையில் எல்லாரும் ஒத்துக்கொண்ட கணக்கு.

நாச்சிமுத்துவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை, அவருடைய சகலை பழனிவேலு. நாச்சிமுத்துவின் மனைவி தங்கமணியின் அக்காவைக் கட்டியவர், பக்கத்து ஊரான நத்தமேட்டில் இருந்தார். பெண்களின் தம்பி மோகனசுந்தரம் சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் நல்ல சாமானாகப் பார்த்துப் பெரியவருக்குப் போய்விடும். பழனிவேலுவுக்கு வாட்ச் என்றால் நாச்சிமுத்துவுக்கு அந்த வாட்ச் வந்த டப்பா. டப்பாவும் நல்ல டப்பாதான், இருந்தாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இந்தத் தடவை தங்கமணி தம்பியிடம் மூக்கைச் சிந்தி அழுதாள். அதனால் பெரிய சாமானே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் பிடி, நடுவில் திரை, பிடியில் பட்டன்கள். கையிலேயே வைத்துக்கொண்டு விளையாடுகிற கம்ப்யூட்டராம். கொடுத்துவிட்டுப் பிளேன் ஏறும்போது மோகனசுந்தரம் ஒரு நிபந்தனையும் சொல்லிவிட்டுப் போனான்.

"ஞாயித்துக்கிழமை போன் பண்றேன் மாமா. அதுக்குள்ள எல்லாம் போட்டு ரெடியா வெச்சிருந்தீங்கன்னா நாம ரெண்டு பேரும் கார் ரேஸ் ஆடலாம். ரெடி பண்ணத் தெரியலைன்னா பழனி மாமாகிட்டக் குடுத்துருங்க. சும்மா கெடந்து தூசி புடிக்கறதுக்கு அவராச்சும் ஆடட்டும்."

நாச்சிமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கார் ரேஸில் அவருக்கு ஒரு ஆசையும் இல்லை. அந்தச் சாமான் மட்டும் நத்தமேட்டுக்குப் போகக் கூடாது. போனால் செத்துப்போவேன் என்று தங்கமணியிடம் சொன்னார். சாமான் போகும்போது டப்பாவை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னாள் அவள்.

கடை மூடப்பட்டது. நாலு பேரும் நாச்சிமுத்து வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். சிங்கப்பூரிலிருந்து குரல் செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன.

"மாமா, முதல்ல கேம் கடைன்னு ஒண்ணு இருக்கும், அதைப் போடுங்க. அது இல்லாம ஒரு ஆட்டமும் வராது."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "மாமா, எல்லாத்துக்கும் முதல்ல அப்டேட்டைப் போட்டுருங்க."

டீ குடித்து முடிப்பதற்குள் மூன்றாவது. "மறந்துட்டேன் மாமா. வைரஸ் வராம இருக்கறதுக்கு ஒண்ணு இருக்குது. அதைத்தான் முதல்ல போடோணும். அப்பறம், அது கையில வெச்சு ஆடற சாமான், மேசை மேல வெக்கறது இல்ல, தெரியுமில்ல?"

கடைசிச் செய்தியைக் கேட்டதும் நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். கம்ப்யூட்டர் அப்போது மேசை மேல்தான் இருந்தது. ஓடிப்போய்க் கையில் எடுத்துக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து அது கீழே வைக்கப்படவில்லை. ஒருவர் சாப்பிடப் போனால் இன்னொருவர் கையில். எல்லாரும் களைத்துப்போனால் தங்கமணியின் கையில். அவளுக்குத் துணி துவைக்கிற வேலை வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எதற்கு வைத்திருக்கிறோம் என்று அவரும் கேட்கவில்லை. அந்த ஊரில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை.

அடுத்தது பெரிய விவகாரம். முதலில் எதைப் போடுவது?

"கடையும் முதல்ல, அப்டேட்டும் முதல்ல, வைரஸ் மருந்தும் முதல்ல. மூணையும் முதல்ல போடச் சொன்னா எப்புடிங்ணா?" என்றான் கருப்பண்ணன்.

"மாப்ள படிச்சவரு. அர்த்தமில்லாமச் சொல்ல மாட்டாரு," என்றார் நாச்சிமுத்து.

ரங்கராசு தொண்டையைச் செருமினான். "அண்ணா, நான் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இத்தனை வருசமாத் தொழில் பண்றோம். கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, பிள்ளையார் பாட்டுப் போடாம நம்ம செட்டுல வேற பாட்டு வந்திருக்குதா? சாமி இல்லைன்னு பேசற கூட்டத்துக்கே போட்டுட்டுத்தான் மைக்கைக் குடுத்தோம். இதுக்கு மட்டும் முதல்ல கடையா?"

அவன் சொன்னது எல்லாருக்கும் சுருக்கென்று தைத்தது. சென்னியப்பன் தன் போனில் தேடி, பிள்ளையார் படமும் அசைகிற விளக்கும் வருகிற ஒரு ஆப்பைக் கண்டுபிடித்தான். ஆக, முதலில் போடவேண்டியவை நாலு.

"நாலையும் ஒரே நேரத்துல போட்டா நாலுமே முதல்தான்," என்றான் சென்னியப்பன். மூன்று தடவை படித்ததன் பலன் அப்படிப்பட்ட சமயங்களில்தான் தெரியும்.

சென்னியப்பன் நாலையும் திரையில் வரிசையாகக் கொண்டுவர, நாலு பேரும் ஆளுக்கொன்றை நோக்கி விரலை நீட்டினார்கள். எல்லா விரலும் ஒரே சமயத்தில் விழ வேண்டுமே. அதற்குக் கருப்பண்ணன் வழி சொன்னான். கல்யாண வீட்டில் போடுகிற கெட்டிமேளத்தை ரங்கராசு கூடத்திலேயே குழாய் ஸ்பீக்கர் கட்டிப் போட, அது அலறிய கணத்தில் நாலு விரலும் திரையில் விழுந்தன. தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் டீ கொடுக்க வேண்டியதாயிற்று.

திரை நீலமாயிற்று. சென்னியப்பன் படித்தான். "அப்டேட் நடக்குதாம். முடியற வரைக்கும் ஆஃப் பண்ணக் கூடாதாம்."

"அப்ப பிள்ளையாரு?" என்றான் ரங்கராசு.

"விழுந்த வெரல்ல அப்டேட் வெரல்தான் முந்தியிருக்குது."

ரங்கராசு கன்னத்தில் போட்டுக்கொண்டான். தப்புக்குப் பரிகாரமாக, குழாயைக் கம்ப்யூட்டரின் பக்கம் திருப்பி, பிள்ளையார் பாட்டை விடாமல் போட ஆரம்பித்தான். படமாக உள்ளே போகாவிட்டாலும் பாட்டாகவாவது போகட்டும் என்பது அவன் எண்ணம். டீ குடித்த கல்யாணக்காரர்கள் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தங்கமணி மாவு ஆட்டி முடித்து, கிரைண்டரை நிறுத்தக் கையை நீட்டினாள். சென்னியப்பன் பாய்ந்து போய்த் தடுத்தான்.

"ஆஃப் பண்ணக் கூடாதுங்கக்கா."

"அது கம்ப்யூட்டரை. இது கிரைண்டரு."

"சீரியல் செட்டுல ஒரு பல்பு போனா என்னாகுது? வரிசையே போகுது. வீடு பூரா ஒரே லைனு. இங்க ஒண்ணு நின்னா அங்கயும் நின்னுரும்."

தொழில் தெரிந்தவன் பேச்சு. நாச்சிமுத்து உடனே உத்தரவு போட்டார். ஓடுகிற எதையும் நிறுத்தக் கூடாது. கூடத்து ஃபேன், விளக்குகள், டிவி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார், எல்லாம் ஓடின. அடுப்பை என்ன செய்வது என்று மட்டும் ஒரு விவாதம் நடந்தது. கேஸ் வேறு லைன் என்று கருப்பண்ணன் எடுத்துச் சொன்னதால் பால் தப்பித்தது.

மாவு ஆடி ஆடி, கடைசியில் சுவருக்கு வெள்ளை அடிக்கிற பதத்துக்கு வந்தது. தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவில் ஓட, தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நாச்சிமுத்துவை வாயார வாழ்த்தினார்கள். தங்கமணி வாயாரச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

அப்டேட்டோ ஆமையாக நகர்ந்தது. நெட் வந்துகொண்டிருந்தது சென்னியப்பனின் போனிலிருந்து. அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் எண் அப்படியே நின்றுவிடும். அவன் திரும்பி வந்து உட்கார்ந்ததும் நகரும்.

"பாசக்கார மிஷினுங்ணா. என்னை வுட்டுட்டுச் சாப்பிட மாட்டேங்குது," என்று சென்னியப்பன் கண் கலங்கினான். அதன்பிறகு அவனை ஒருவரும் எழுந்து போக விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பழனிவேலு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் காலித் துணிப்பை. அந்தப் பையைப் பார்த்ததும் நாச்சிமுத்து கம்ப்யூட்டரைத் தன் கைக்கு வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மனுஷன் எடுத்துக்கொண்டு போகத் தயாராகவே வந்திருக்கிறார்.

சொன்னபடி மோகனசுந்தரம் போனில் முகம் காட்டினான். ரங்கராசு பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான். நிறுத்தவில்லை.

"என்ன மாமா, இன்னும் அப்டேட்டே முடியலையா? கடை போடலையா?"

"முதல்ல எதைப் போடறதுன்னு பேசிட்டு இருக்கறோம் மாப்ள."

மோகனசுந்தரம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "பழனி மாமாகிட்டயே குடுத்துருங்க மாமா. உங்களுக்கு அடுத்த தடவை நல்ல டார்ச்சு லைட்டு வாங்கிட்டு வர்றேன்."

நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. கம்ப்யூட்டரைச் சகலையின் கையில் வைத்தார். பழனிவேலு அதைப் பைக்குள் போடப் போனபோது நாலு பேரும் ஒரே குரலில் தடுத்தார்கள்.

"கையில வெச்சிருக்கற சாமானுங்க. கீழயும் வெக்கக் கூடாது, பையிலயும் வெக்கக் கூடாது. மாப்ள சொல்லியிருக்கறாரு."

பழனிவேலு யோசித்தார். பெண் எடுத்த வீடு ஒன்று என்றால் மூளையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். "அப்ப நான் ஸ்கூட்டரை எப்புடி ஓட்டறது?"

அது நியாயமான கேள்வி. ஆகவே மின்னல் சவுண்ட் சர்வீஸ் சாமான் ஏற்றுகிற குட்டியானை வண்டி கொண்டுவரப்பட்டது. ஜெனரேட்டரை ஏற்றி அதில் கம்ப்யூட்டரின் வயரைச் செருகினார்கள். நடுவில் நாற்காலி போட்டுப் பழனிவேலுவை உட்கார வைத்தார்கள். நெட் நிற்கக் கூடாதே என்று பக்கத்தில் போனோடு சென்னியப்பன் ஏறிக்கொண்டான். ஸ்கூட்டர் காலடியில் கிடந்தது. மடியில் வைப்பது கையில் வைப்பதாகாது என்பதால் அவர் சாமானை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். குழாயில் பிள்ளையார் பாட்டு அலறியது. வண்டி நத்தமேட்டுக்குக் கிளம்பியபோது வழியில் நின்ற இரண்டு கிழவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

நாச்சிமுத்து போகவில்லை. கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே கம்ப்யூட்டர் வந்த டப்பா. கடைசியில் தங்கமணி சொன்னதுதான் நடந்திருக்கிறது.

"ஏனுங்க, இனியாச்சும் இந்த ஃபேனை நிறுத்தலாமுங்களா? எனக்குச் சளியே புடிச்சுப்போச்சு," என்றாள் தங்கமணி.

"நிறுத்தக் கூடாது. நத்தமேட்டுக்கும் நமக்கும் கரண்டு ஒரே எடத்துல இருந்துதான் வருது. இங்க நிறுத்தினா அங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. இப்படிச் செய்வது பாவம் என்று ஒரு மனசு சொன்னது. அந்த வாட்ச் என்னாச்சு என்று இன்னொரு மனசு கேட்டது. வண்டி நத்தமேட்டை அடைந்து, வயரைச் சகலை வீட்டுச் சுவரில் செருகியாயிற்று என்று கருப்பண்ணன் போனில் சொல்லும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு எழுந்து போய்க் கூடத்து ஃபேனைப் பட்டென்று நிறுத்தினார்.

ஃபேன் சுற்றி முடிப்பதற்குள் போன் வந்தது. பழனிவேலு.

"சகலை, திடீர்னு திரை கறுப்பாப் போச்சு. சாமி சத்தியமா நான் ஒண்ணுமே பண்ணலை."

அப்டேட் முடிந்தால் அந்தச் சாமான் ஒரு தடவை அணைந்துதான் மறுபடி எரியும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

"மாப்ளைக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரோ," என்று நாச்சிமுத்து வருத்தப்பட்டார்.

"நான் வாங்கவே இல்லைன்னு சொல்லீருங்க. இதா இப்பவே கொண்டாந்து குடுத்தர்றேன்."

செத்துப்போன சாமானைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதால் பையில் போட்டுக்கொண்டு பழனிவேலு ஸ்கூட்டரில் பறந்து வந்தார். பின்னாலேயே குட்டியானையும் வந்து நின்றது. நாச்சிமுத்து அதை வாங்கினார். எல்லாரும் பார்க்க, நடந்து போய் ஃபேனைப் போட்டார். ஸ்கூட்டரில் குலுங்கி வந்ததில் எந்தப் பட்டன் அமுங்கியிருந்ததோ, அதே சமயத்தில் திரை பளிச்சென்று எரிந்தது. பழனிவேலு இரண்டு கையையும் கூப்பிவிட்டார். கும்பிட்டது ஃபேனையா சகலையையா என்று தெரியவில்லை.

மறுபடி போனில் வந்த மோகனசுந்தரம் திரையைப் பார்த்து அசந்துபோனான். "அட, அப்டேட்டெல்லாம் முடிஞ்சுபோச்சே. பரவால்ல மாமா, நீங்களே வெச்சுக்குங்க. பழனி மாமாவுக்கு நான் வேற ஒண்ணு அனுப்பறேன்."

அப்படியே அனுப்பினான். அது வந்து சேர்ந்த அன்று, டப்பாவைப் பிரிப்பதற்கு முன்னால் பழனிவேலு ஊசிப்பாளையத்துக்கு வந்து பவ்யமாக நின்றார்.

"சகலை, உங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி. புதுசா வாங்கினா முதல்ல என்ன போடோணும்?"

நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்தார். "முதல்ல ஒரு சீலிங் ஃபேன் மாட்டோணும்."

"எங்க வீட்டுல ஏற்கெனவே இருக்குதுங்களே."

"அது அங்க இருந்து என்ன பண்ணறது? இந்தக் கூடத்துல மாட்டுனாத்தான் வேலை செய்யும்."

பழனிவேலு அன்றைக்கே நல்ல ஃபேனாக வாங்கி வந்து தன் கையாலேயே மாட்டிவிட்டுப் போனார். சங்கதி பரவி, சுற்றுவட்டாரத்தில் புதுப் போன் வாங்கியவர்களும் டிவி வாங்கியவர்களும் ஆளுக்கொரு ஃபேனோடு வந்து இறங்கினார்கள். இப்போது அந்தக் கூடத்துக் கூரையில் வேறு எதையும் மாட்ட இடமில்லை. ஒன்றையும் நிறுத்தவும் முடியாது, ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுச் சாமான் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுக் கோடையில் தங்கமணி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையால் கம்ப்யூட்டரைப் பிடித்தபடி, இன்னொரு கையால் வருகிறவர்களுக்கு டீ கொடுக்கிறாள். மற்ற நாலு பேரும் கம்பளிக்குள் உட்கார்ந்து, அதில் முதலில் எதைப் போடுவது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.