ஆட்காட்டி ஏன் ஓயாமல் கத்தியது?

புதர்க்காட்டுக் குளக்கரையில் ஓர் ஆட்காட்டிப் பறவை இருந்தது. நரியோ வேடனோ வந்தால் கத்தி எல்லாரையும் உஷார்ப்படுத்துவது அதன் வேலை. அதை நம்பித்தான் மற்ற விலங்குகள் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தன.

அந்தக் கோடையில் அதற்கு என்ன ஆனதோ! நரியும் இல்லை, வேடனும் இல்லை. ஆனாலும் விடிந்ததிலிருந்து ஒரே கத்தல்.

"காது கிழியுது! எது நிஜம், எது பொய்யின்னே தெரியல. இவளைக் குளத்தை விட்டே விரட்டுவோம்!" என்றது எருமை.

ஆட்காட்டி கெஞ்சியது. "எட்டே நாள் பொறுங்க அண்ணே! அப்புறம் நானே போயிடறேன்."

"அதென்ன எட்டு நாள் கணக்கு?"

"சும்மாதான் அண்ணே" என்று ஆட்காட்டி மழுப்பியது. கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே அதன் நாலு முட்டைகள் கிடந்தன. பொரிய எட்டு நாள் இருந்தது. முட்டை இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது ஆட்காட்டிக் குலத்தின் கட்டுப்பாடு.

"விரட்டறது இருக்கட்டும், முதல்ல வியாதியைக் கண்டுபிடிப்போம்" என்று மரங்கொத்தி முன்னால் வந்தது. "எல்லாம் தலைக்குள்ளதான் இருக்கு. எத்தனை மரத்தைத் தட்டிப் பார்த்திருக்கேன்!"

டொக், டொக், டொக்! தலையில் விழுந்த கொத்தில் ஆட்காட்டி இன்னும் பலமாகக் கத்தியது.

"தள்ளும் ஐயா!" என்றது குரங்கு. "அவ கத்தினா நாம ஓடறோம். அந்த ருசி கண்டுட்டா. நாளைக்கு யாரும் திரும்பிப் பாக்காதீங்க, தானா அடங்குவா!"

மறுநாள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்காட்டி தொண்டை கட்டும் வரை கத்தியது.

மூன்றாம் நாள் சேற்றிலிருந்து அட்டை நெளிந்து வந்தது. "ரத்தம், தம்பிகளா, ரத்தம்! ஒரு சொட்டு ருசி பார்த்தாப் போதும், ஒருத்தரோட குணத்தையே சொல்லிடுவேன். இவளுக்குச் சூடு ஏறிப் போச்சு."

அட்டை வயிறு முட்ட உறிஞ்சியது. ஆட்காட்டி சுருண்டு உட்கார்ந்தது. குளக்கரை அமைதியானது.

"பாத்தீங்களா என் வைத்தியத்தை!" என்று அட்டை உருண்டு உருண்டு சிரித்தது.

அந்த அமைதியில்தான் நரி வந்தது. ஆட்காட்டிக்குக் கத்தத் தெம்பில்லை. குனிந்து தண்ணீர் குடித்துக் கொண்டிருந்த குரங்கின் வால் நுனி நரியின் வாயோடு போயிற்று.

எருமைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கத்தினாலும் தொல்லை, கத்தாட்டியும் தொல்லை! இன்னிக்கே கிளம்பச் சொல்லுங்க!"

அப்போது ஐந்து குஞ்சுகள் பின்னால் வர, நாணலுக்குள்ளிருந்து நீர்க்கோழி வந்தது. "எனக்கு ஒரே ஒரு நாள் குடுங்க அண்ணே. நான் பார்த்துச் சொல்றேன்."

"நீ எதைப் பாப்பே? தலையையா, ரத்தத்தையா?" என்று கேட்டது அட்டை.

"அவளைப் பாப்பேன். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும்."

"அடேங்கப்பா, பெரிய வித்தை!" என்று அட்டை கேலி செய்தது. எருமை மட்டும், "சரி, ஒரு நாள்தான்" என்றது.

மறுநாள் நீர்க்கோழி பார்த்துக்கொண்டே இருந்தது. ஆட்காட்டி இரை தேடப் போகவில்லை. போன வாரம் அதன் ஜோடியைப் பருந்து தூக்கிப் போய்விட்டது. மாற்றி உட்கார ஆளில்லை. வெயில் ஏறியதும் தண்ணீருக்கு ஓடி, வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து, அதே கற்களின் மேல் உட்கார்ந்தது.

'கல்லை யாராவது குளிப்பாட்டுவாங்களா?' நீர்க்கோழிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அதுவும் ஒரு தாய்தானே!

சற்று நேரத்தில் எருமை வந்தது. குளம் பாதி வற்றியதிலிருந்து எல்லாருடைய தடமும் இந்தப் பக்கமாகத்தான் போயிற்று. ஆட்காட்டி முட்டைகளை விட்டு இடது பக்கமாகத் தூர ஓடி நின்று கத்தியது. வருகிறவரை அந்தப் பக்கம் இழுக்கிற தந்திரம் அது. எருமையோ, "இந்தச் சத்தத்துக்குப் பக்கத்துல யார் போவா!" என்று வலது பக்கம் ஒதுங்கியது. நேரே முட்டைகளை நோக்கி! ஆட்காட்டி இன்னும் கத்தியது. எருமை இன்னும் ஒதுங்கியது.

"அண்ணே, நில்லுங்க! காலைக் கீழ வைக்காதீங்க!" என்று அலறியது நீர்க்கோழி.

எருமை தூக்கிய காலோடு நின்றது. குளம்புக்கு நேர் கீழே நாலு முட்டைகள்!

"மன்னிச்சுக்கோ அக்கா, உன் ரகசியத்தை உடைச்சுட்டேன்" என்றது நீர்க்கோழி. ஆட்காட்டி பாய்ந்து வந்து முட்டைகளை மூடிக்கொண்டது.

சத்தம் கேட்டு எல்லாரும் கூடினார்கள். "அப்ப நாங்க சொன்னதெல்லாம் பொய்யா?" என்று அட்டை முறைத்தது.

"பொய்யில்ல மாமா. நாள் முழுக்க வெயில்ல உக்காந்தா யார் ரத்தமும் சூடாகும். தூக்கம் கெட்டா தலையும் கெடும். நம்மளை ஓட வைக்கத்தான் கத்தினா, அதுவும் நிஜம். ஆனா ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கிட்டு இதுதான் ஆட்காட்டின்னு சாதிச்சீங்களே! அவ ஒண்டி ஆளு. குளம் பாதி வத்திப் போச்சு. நம்ம தடம் மாறிப் போச்சு. எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கத்தல்."

எருமை தலையைத் தொங்கப் போட்டது. "நான் ஒதுங்க ஒதுங்கத்தான் அவ கத்தினாளா?"

"ஆமாண்ணே!"

அன்றே தடம் எதிர்க் கரைக்கு மாறியது. உச்சி வெயிலில் எருமை வந்து முட்டைகளுக்கு நிழலாக நின்றது. ஆட்காட்டி வயிறார இரை பொறுக்கியது, நன்றாகத் தூங்கியது. அதன் பிறகு நரி வந்தால் மட்டுமே கத்தியது.

ஆட்காட்டி கணக்குச் சொன்ன எட்டாம் நாள் முட்டைகள் பொரிந்தன. நாலு குஞ்சுகளும் எருமையின் கால்களுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடின. காதில் ஈ மொய்த்தும் எருமை அசையவில்லை.

"தங்கச்சி, இப்பவாவது ஒரு காலைத் தூக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் அண்ணே!" என்றது ஆட்காட்டி.

ஒருவர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று அறிய வேண்டுமானால், அவருடைய ரத்தத்தையோ தலையையோ தனியாகப் பிரித்துப் பார்த்தால் போதாது. அவருடைய நாள் முழுவதையும், அதில் நம் கால் எங்கே விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.