எச்சில் சொன்ன வயசு

கோம்பைக்காட்டூரில் ஒருவரிடம் "கொஞ்சம் நில்லுங்க, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனால், திரும்பி வந்து "போதும், உட்காருங்க" என்றும் சொல்ல வேண்டும். மறந்துபோனால் அந்த மனுஷன் நின்றுகொண்டேதான் இருப்பார்.

அப்படிப்பட்ட ஊரிலேயே சொன்னதைச் சொன்னபடி செய்வதில் பேர் வாங்கியது முத்தண்ணன் குடும்பம். முத்தண்ணனுக்கு எழுபத்திரண்டு வயது, மூன்று மகன்கள், ஒரு போர்வெல் லாரி. ஒரு தோட்டக்காரர் "தண்ணி வர்ற வரைக்கும் போடுங்க" என்றார். பன்னிரண்டு அடி இறங்கியபோது வானம் இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. "தண்ணி வந்துருச்சுங்" என்று கும்பிடு போட்டுவிட்டு லாரியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மூத்தவன் பெரியண்ணன், நாற்பத்தாறு. நடுவன் நாச்சிமுத்து, நாற்பத்திரண்டு. கடைக்குட்டி சென்னியப்பன், முப்பத்தைந்து. மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெரியண்ணனுக்குப் பெண் தேட ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம். ஒரு இடம் கூடிவந்தது. பெண் வீட்டார் "பொண்ணை நல்லாப் பார்த்துக்குங்க" என்றார்கள். காலை பத்து மணிக்குப் பார்க்க ஆரம்பித்தவன் சாயந்தரம் பால் கறக்கிற நேரம் வரைக்கும் கண் எடுக்கவில்லை. அந்தப் பெண் பயந்து அழுதுவிட்டது.

மூத்தவனுக்கு ஆகாமல் இளையவனுக்கு ஆகக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். இதில் வதைபட்டவன் சென்னியப்பன்தான். திருச்செங்கோட்டில் கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கும் கோகிலவாணிக்கும் அவனுக்கும் மனசு ஒத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"ஆவணிக்குள்ள கண்ணாலம் முடியோணுமுங். இல்லாட்டி எங்கூட்ல பெருந்துறை மாப்பிள்ளைக்குச் சரின்னுடுவாங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அன்றிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பயல் பாதியாக இளைத்துவிட்டான்.

இந்த நேரம் பார்த்துத்தான் கோயமுத்தூரிலிருந்து ஹரிகரன் என்ற ஒரு கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கையில் சின்னச் சின்னக் குப்பிகள்.

"மரபணு பொறந்ததுல இருந்து மாறாதுங்க. ஆனா அதுமேல சின்னச் சின்ன அடையாளம் விழும். நீங்க சாப்பிடறது, தூங்கறது, கவலைப்படறது எல்லாம் அதுல தெரியும். உங்க எச்சிலை வாங்கி அதைப் படிச்சா உடம்போட நிஜமான வயசு வந்துடும். இதுக்கு எபிஜெனடிக்ஸ்னு பேரு. உலகம் பூராவும் இதுக்கு மார்க்கெட் வேகமா வளர்ந்துட்டு வருது. நீங்க இந்தப் பக்கத்துக்கு ஏஜென்சி எடுத்துக்கலாம்."

பெரியண்ணன் எதையும் விசாரிக்காமல் இறங்குகிற ஆள் இல்லை. "மார்க்கெட் நெசமாலுமே வளருதான்னு பார்த்துட்டுத்தான் சொல்லுவோமுங்" என்றான். மறுநாள் செவ்வாய்ச் சந்தை. மூவரும் டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் கருவாட்டுக் கடையிலிருந்து பாத்திரக் கடை வரைக்கும் அளந்தார்கள். அடுத்த செவ்வாய் மறுபடி அளந்தார்கள். பாத்திரக் கடைக்கு அந்தப் பக்கம் ஒரு பூண்டுக்காரர் புதுசாகச் சாக்கு விரித்திருந்தார்.

"ஆறடி வளர்ந்திருக்குதுங்ண்ணா!" என்றான் நாச்சிமுத்து.

"ஒரே வாரத்துலயா? அப்ப அந்தத் தம்பி சொன்னது மெய்தான்" என்றான் பெரியண்ணன். ஏஜென்சி எடுத்தாகிவிட்டது.

முதலில் தங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஹரிகரன் ஆளுக்கொரு குப்பியில் பேர் எழுதி ஒட்டிக் கொடுத்தார். "கோடு வரைக்கும் துப்பணும். அப்புறம் நல்லா மூடிட்டுப் பத்துத் தடவை குலுக்கணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்குக் கிளம்பிப் போனார். குப்பியில் அவர் காட்டிய கோடு ஒரு மெல்லிய நீலக் கோடு. அதை இவர்கள் யாரும் பார்க்கவில்லை.

"கோடுன்னா, திருச்செங்கோடு வரைக்குமா?" நாச்சிமுத்து கவலையோடு கேட்டான். "பதினாலு கிலோமீட்டர் ஆச்சேங்ண்ணா. அவ்வளவு எச்சிலுக்கு எங்க போறது?"

"லாரில போயிக்கிட்டே துப்பலாமே" என்றான் பெரியண்ணன்.

போனார்கள். ஜன்னலுக்கு ஒருவராக நான்கு கிலோமீட்டர் வரைக்கும் சிரத்தையாகத் துப்பினார்கள். பின்னால் ஸ்கூட்டரில் வந்த வாத்தியார் ஒருவர் லாரியை மறித்து, சட்டையைக் காட்டிச் சத்தம் போட்டார். பிறகு விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, குப்பியிலிருந்த நீலக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

வீட்டுக்குத் திரும்பி வந்து துப்ப உட்கார்ந்தால் யார் வாயிலும் ஈரம் இல்லை. தண்ணீர் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து மற்றவர்கள் ஒருவழியாகச் சமாளித்துவிட்டார்கள். சென்னியப்பனுக்கு மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. ஆவணியை நினைத்தாலே அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

முத்தண்ணனுக்கு மகனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இங்க கொண்டாடா. ஒரே ரத்தம்தான், எச்சில் மட்டும் வேறயாவா இருக்கும்?" என்று அவன் குப்பியை வாங்கித் தானே நிரப்பிக் கொடுத்தார். அதோடு அவர் வாய் வற்றிப்போயிற்று. சாயந்தரம் கோகிலவாணி போனில் நாலு நல்ல வார்த்தை பேசியதும் சென்னியப்பனுக்கு வாய் ஊறியது. நன்றி மறக்காத பிள்ளை, அப்பாவின் குப்பியை நிரப்பிக் கொடுத்தான்.

அடுத்தது மூடிவிட்டுக் குலுக்குவது. நால்வரும் வாயை இறுக்க மூடிக்கொண்டார்கள். பெரியண்ணன் அப்பாவின் தோளைப் பிடித்துப் பத்துத் தடவை குலுக்கினான், அப்பா நாச்சிமுத்துவைக் குலுக்கினார், நாச்சிமுத்து சென்னியப்பனைக் குலுக்கினான். பெரியண்ணனைக் குலுக்க ஆள் மிச்சமில்லை. அவன் ஓடுகிற லாரி எஞ்சின்மேல் ஏறிப் பத்து எண்ணும் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். பிறகு குப்பிகள் கோகிலவாணியின் கூரியர் ஆபீஸ் வழியாகக் கோயமுத்தூர் போயின.

ஆடி முடியப் போகிற சமயத்தில் பதில் வந்தது. அச்சடித்த தாளில் "இதுவே உங்கள் உடலின் உண்மையான வயது" என்று கொட்டை எழுத்து. நாச்சிமுத்து நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"பெரியண்ணன், நாப்பத்தேழு. நாச்சிமுத்து, நாப்பத்தி நாலு. முத்தண்ணன், முப்பத்தி மூணு. சென்னியப்பன்…" அவன் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "அறுவது."

பெரியண்ணன் மெல்ல எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துண்டால் துடைத்தான். "நீங்க உட்காருங்ண்ணா" என்றான் சென்னியப்பனிடம்.

"அண்ணா, நான்…"

"என்னைய அண்ணான்னு சொல்லாதீங்ண்ணா, பாவம் புடிக்கும். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்."

"சரி… பெரியண்ணன் தம்பி" என்றான் சென்னியப்பன். அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூச்சத்துக்கு நடுவே பொறி தட்டியது. "இப்ப நான்தானே மூத்தவன்? அப்ப என்ற கண்ணாலத்தை முதல்ல வெக்கலாமில்ல?"

நாச்சிமுத்து யோசித்தான். "வெக்கலாம். ஆனா அறுவது வயசுல செய்யறது அறுவதாம் கண்ணாலமாச்சேங்ண்ணா? சாதாக் கண்ணாலம் எப்படிப் பண்றது?"

"அறுவதாம் கண்ணாலத்துக்கு வரிசை கிடையாது" என்றான் பெரியண்ணன். "யாருக்கு அறுவது வருதோ அவங்களுக்குப் பண்ண வேண்டியதுதான். பண்ணாட்டித்தான் தப்பு."

"அதைப் பெத்த புள்ளைங்கதான முன்னால நின்னு நடத்தோணும்? அண்ணனுக்குப் புள்ளைங்க ஏது?"

மூவரும் தேடினார்கள். வீட்டிலேயே சின்ன வயசுக்காரர் மூலையில் உட்கார்ந்து ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தி மூணு" என்றான் பெரியண்ணன். "அறுவது வயசு ஆளுக்கு மகனா இருக்கறதுக்குச் சரியான வயசு."

முத்தண்ணன் தழையைக் கீழே வைத்தார். "பெரியவங்க நீங்க பார்த்து என்ன சொல்றீங்களோ அதுதானுங்" என்றார் அடக்கமாக.

சென்னியப்பன் தாளை எடுத்துக்கொண்டு கூரியர் ஆபீசுக்கு ஓடினான். கோகிலவாணி முழுக்கக் கேட்டாள். பார்சலுக்கு முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு மூன்று கேள்வி கேட்டாள்.

"அதுல தாலி கட்டுவீங்களா?"

"கட்டாமயா?"

"அப்புறம் ஒரே ஊட்லதான் இருப்போம்?"

"அறுவது வயசுக்கு மேல தனியா இருக்க முடியுமாங்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சு, எங்கப்பா அம்மா முன்னால நடக்குமில்ல?"

"ஊரையே கூப்பிடறமுங்."

"அப்ப எத்தனாவது கண்ணாலமா இருந்தா எனக்கென்னங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பார்சலை எடுத்தாள். சென்னியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வீட்டில் என்ன பேசினாளோ, எப்படிப் பேசினாளோ, அவர்களும் தலையாட்டிவிட்டார்கள்.

பத்திரிகை அடித்தார்கள். "எங்கள் அருமைத் தந்தையார் சென்னியப்பன் அவர்களுக்கும் எங்கள் தாயார் ஆகப்போகும் கோகிலவாணி அவர்களுக்கும் அறுபதாம் கல்யாணம். தங்கள் வரவை நாடும் அன்பு மகன், முத்தண்ணன்." அச்சாபீஸ்காரர் மூன்று தடவை போன் போட்டுக் கேட்டும், ஒரு எழுத்தை மாற்ற இவர்கள் சம்மதிக்கவில்லை.

ஆவணி கடைசி முகூர்த்தத்தில் ஊர்க் கோயிலில் நடந்தது. ஐயர் வந்ததும் வராததுமாக முத்தண்ணன் கையைப் பிடித்து மணையில் உட்காரவைக்கப் பார்த்தார். "ஐயோ, நானில்லீங்க சாமி, எங்கப்பா அதோ வர்றாருங்" என்று முத்தண்ணன் மகனைக் காட்டினார். தாலி ஏறியதும் பொண்ணு மாப்பிள்ளை காலில் முதல் ஆளாக விழுந்தவரும் அவர்தான். கோகிலவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்லாப் படிச்சு நல்லா இரு சாமி" என்று அட்சதை போட்டாள்.

கல்யாணத்துக்கு வந்திருந்த ஹரிகரனைப் பெரியண்ணனும் நாச்சிமுத்துவும் பந்தியில் மடக்கினார்கள்.

"எங்களுக்கும் சீக்கிரம் அறுவது ஆகோணும். என்ன பண்ணோணுமுங்?"

சாப்பாட்டு மும்முரத்தில் அவர் விளையாட்டாகச் சொன்னார்: "உட்கார்ந்து நல்லாக் கவலைப்படுங்க. தன்னால ஏறும்."

மறுநாளிலிருந்து இருவரும் வேலைக்குப் போவதை விட்டுவிட்டு லாரி நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தார்கள். கோகிலவாணி வேளாவேளைக்குச் சாப்பாடு அனுப்பினாள். அதைச் சாப்பிட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, காற்று வாங்கியபடி, கண் அசந்தபடி கவலைப்பட்டார்கள். யாராவது போர் போடக் கூப்பிட்டால், "கண்ணாலத்து வேலையா இருக்கறமுங், அப்புறமேட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி எச்சில் அனுப்பினார்கள். பதில் வந்த அன்று சென்னியப்பன் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோது இருவரும் தாளை மடியில் வைத்துக்கொண்டு இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

"எவ்வளவு ஏறியிருக்கு?" என்றான்.

"எனக்கு முப்பத்தெட்டு, இவனுக்கு முப்பத்தஞ்சு" என்றான் பெரியண்ணன். "இறங்கிப்போச்சுங்ண்ணா. ராப்பகலாக் கவலைப்பட்டும் இறங்கிப்போச்சு."

பெரியண்ணன் தாளை மறுபடி ஒரு தடவை பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "ஒண்ணு பார்த்தீங்களா? இத்தனை நாளா எதுக்குக் கவலைப்படறதுன்னே தெரியாம உட்கார்ந்திருந்தோம். இப்பத்தான் கவலைப்படறதுக்குன்னு நல்லதா ஒரு விஷயம் கிடைச்சிருக்குது!"

நாச்சிமுத்து பாய்ந்து அவன் வாயைப் பொத்தினான்.

"சிரிக்காதீங்ண்ணா! இன்னும் இறங்கிடப் போகுது!"